மதுரையும் கொழும்பும்: மைல் கணக்கும் மணிக் கணக்கும்

மதுரைக்குச் சென்னை அருகிலுள்ளதா, கொழும்பு அருகிலுள்ளதா என்று வினவினால், பள்ளிச் சிறுவனும் தயங்காமல் சென்னை என்றே விடையிறுப்பான். அவ்விடை தவறு. அவனியாபுரத்தை அடுத்த மதுரை விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் வரை ஆகாய மார்க்கமாக நேர்கோட்டில் அளந்தால் சுமார் 415 கிலோமீட்டர் ஆகிறது. அதே இடத்திலிருந்து கொழும்பின் விமான நிலையமாகிய கட்டுநாயக்காவை அளந்தாலோ சுமார் 355 கிலோமீட்டர்தான்; பழைய கணக்கில் 220 மைல். நமது தலைநகரமாகிய சென்னையைக் காட்டிலும் கடல் கடந்த கொழும்பு நமக்கு அறுபது கிலோமீட்டர் அண்மையிலிருக்கிறது. பூகோளப் படத்தை மேசைமேல் விரித்து ஒரு நூலைப் பிடித்துப் பார்ப்பவர் எவரும் இவ்வுண்மையைக் கண்டுகொள்ளலாம்.

இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கருதி நாம் எழுதப் புகவில்லை. இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை வகுத்தது இயற்கை. அத்தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தை வகுப்பதோ மனிதனின் சட்டமும் சர்க்காரின் உடன்படிக்கையுமாகும். தூரம் குறைந்திருந்தும் நேரம் குறையவில்லையானால், குறை இயற்கையின்பாற்பட்டதன்று. தென் ஜில்லாவாசிகள் நெடுநாளாக அனுபவித்துவரும் இடர் இத்தகையதே. அதன் மூலகாரணத்தை ஆராய்ந்து பரிகாரம் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மணி நேரத்தின் கணக்கு

ஆகாய விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொண்டால், கொழும்பை அடைய அரைமணி நேரமும் வேண்டியதில்லை. ஆயினும் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி என்று குறிக்கப்படுகிறது. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. விமானம் நிலையத்தை விட்டு நகர்ந்து ஓடுபாதையின் முனைக்குச் செல்லவேண்டும். மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் முழு வேகத்தில் பறத்தல் இயலாது. கட்டுநாயக்காவில் பிற விமானங்கள் வரிசையில் நின்றால் வட்டமிட்டுக் காத்திருக்கவேண்டும். குறுகிய பிரயாணத்தில் விமானம் தன் முழு உயரத்தை எட்டியவுடனே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்ற கணக்கு ஆகாயத்தில் செல்லுபடியாகாது.

கடியாரத்தைத் திருப்பிவைக்கும் தொல்லையும் இப்பிரயாணத்தில் இல்லை. இடையில் 1996 முதல் சில ஆண்டுகள் இலங்கை தன் நேரத்தை முன்தள்ளி வைத்திருந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் நம்மோடு ஒன்றிவிட்டது. அது முதல் மதுரையில் மணி பத்தானால் கொழும்பிலும் மணி பத்தே.

ஆனால் பறக்கும் ஒரு மணி நேரத்திற்கு முன்னும் பின்னும் உள்ள நேரமே பெரிது. அயல்நாடு செல்வோர் மூன்று மணி முன்னதாக நிலையத்தில் ஆஜராகவேண்டும், சுங்கம், குடியேற்றம், பாதுகாப்பு என்று பல வாயில்களைக் கடக்கவேண்டும், அக்கரையிலும் அவ்வாறே. ஒரு மணிப் பிரயாணம் ஐந்து மணிப் பிரயாணமாகிறது. இஃது உலகெங்கும் உள்ள வழக்கம். நாம் முறையிட இடமில்லை. தன் ஊரில் விமானம் கிடைக்காமல் வேற்றூர் சென்று ஏறவேண்டிய நிலை வந்தால், அந்த ஐந்து மணி பத்தாகவும் பதினைந்தாகவும் பெருகுகிறதே, அதைப்பற்றியே நம் முறையீடு.

கடல் வழியில் கற்ற பாடம்

வழியின் உரிமை யாரிடமுள்ளதோ அவரிடமே நேரத்தின் உரிமையும் உள்ளது என்பதைத் தமிழ்நாடு புதிதாகக் கற்கவேண்டியதில்லை. 1906-ஆம் ஆண்டில் தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவியது எதன்பொருட்டு? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் இல்லாமலா? கப்பல் இருந்தது, அது அந்நியருடையதாயிருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவர் அக்கம்பெனியின் தலைமையை ஏற்றார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-இல் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி தன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. குடையின் விலை இன்னதென்று ஜனங்கள் பின்னரே உணர்ந்தனர். பிள்ளையவர்கள் 1908-இல் சிறை புகுந்தார். கம்பெனியும் நாளடைவில் கலைந்தது. கடலின் அகலம் ஒரு முழமேனும் மாறவில்லை. மாறியது அதன்மீது செல்லும் பாத்தியதையே.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிப்படகு ஓடலாயிற்று. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் ரயிலும் கப்பலும் ரயிலுமாக மாறிக் கொழும்பு சேரலாம் என்றிருந்த காலம் அது. அக்காலத்திலும் எல்லோருக்கும் நேரம் ஒன்றாயிருக்கவில்லை. முதல் வகுப்புச் சீமான் இரவோடிரவாகக் கடந்து செல்வார். தேயிலைத் தோட்டத்திற்குப் புறப்பட்ட மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக் கூலியாளோ, இலங்கைச் சர்க்கார் நம் மண்ணிலேயே நடத்திவந்த மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நோய்த்தடுப்புக் காவலில் தங்கவேண்டும். ஒரே தூரத்திற்கு இரண்டு நேரங்கள்! 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை விழுங்கியது. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் இலங்கையின் உள்நாட்டுப் போரால் நின்றது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011-இல் தொடங்கிய கப்பல் சில மாதங்களிலேயே முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு கப்பல் தொடங்கி, நின்று, 2024-இல் மீண்டும் புறப்பட்டது. கடல் வழியின் சரித்திரம் இவ்வாறு அறுந்தும் முடிந்தும் வருவதாகும்.

ஆகாய வழியில் மதுரையின் இடம்

ஆகாய வழியில் மதுரைக்கு இடம் கிடைத்தது வெகு தாமதமாகவே. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். அத்தபால் அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. 1938-இல் அவ்வழி கொழும்பு வரை நீண்டது. சுதந்திரம் பெற்ற ஆண்டின் இறுதியில், 1947 டிசம்பர் 10-ஆம் நாள், ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. இவ்வழிகளிலெல்லாம் சென்னை உண்டு, மதுரை இல்லை. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய அவனியாபுரத்து மைதானம், பின்னர் உள்நாட்டு விமானங்களோடு திருப்தியடைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது.

2010-இல் புதிய கட்டடம் எழும்பியது. 2012-இல் சுங்க நிலைய அந்தஸ்துக் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஸ்பைஸ்ஜெட் விமானம் மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறந்தது. மதுரை மண்ணிலிருந்து அயல்நாடு சென்ற முதல் விமானம் கொழும்புக்கே சென்றது எவ்வளவு பொருத்தம்! பின்னர் இலங்கையின் விமானங்களும் வந்தன. துபாய்க்கும் வழி ஏற்பட்டது.

இங்கே நேயர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டுகிறோம். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,015 கிலோமீட்டர். வடமேற்கே ஒன்று, தென்கிழக்கே மற்றொன்று. தூரம் ஏறத்தாழ ஒன்றே. 7,500 அடி நீளமுள்ள இதே ஓடுபாதையிலிருந்து புறப்பட்ட விமானம் துபாயை அடையக்கூடுமானால், சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் அடைய இயலாது என்று எவரும் வாதிக்க முடியாது. நேராகப் பறந்தால் சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம் போதும்.

சிங்கப்பூர் செல்லும் மதுரைவாசி வேற்றூரில் விமானம் மாறவேண்டுமானால் அவனுக்கு எவ்வழி நல்லது? கொழும்பு வழியாகச் சென்றால் மொத்தம் சுமார் 3,105 கிலோமீட்டர். நேர்வழியைவிடத் தொண்ணூறே அதிகம். சென்னை வழியாகச் சென்றால் சுமார் 3,340 கிலோமீட்டர். முந்நூற்றுக்கு மேல் அதிகம். தென்கிழக்கே போகவேண்டியவன் முதலில் வடக்கே போய்த் திரும்புகிறான். கொழும்பு நமக்குப் போகுமிடம் மட்டுமன்று, கீழ்த்திசை நாடுகளுக்கு இயற்கையான வாயிலும் அதுவே என்பது இதனால் விளங்கும். இலங்கை விமானங்கள் நம் ஊருக்கு வந்து ஆட்களை அழைத்துச் செல்வதன் இரகசியமும் இதுவே.

பூட்டு எங்கே இருக்கிறது?

அங்ஙனமாயின் தடை எது? வழக்கறிஞர் அல்லாதாரும் இதனை அறிந்திருத்தல் நன்று. 1944 டிசம்பரில் சிக்காகோ நகரில் கூடிய தேசங்கள் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒவ்வொரு தேசத்திற்கும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் பூரணமான ஏகபோக ஆதிபத்தியம் உண்டு என்பது அதன் முதலாவது ஷரத்து. ஒரு தேசத்தின் அனுமதியின்றி வேறு தேசத்தின் காலந்தவறாப் பிரயாணி விமானம் அதற்குள் புகலாகாது என்பது ஆறாவது ஷரத்து. ஆகவே இரு தேசங்கள் தமக்குள் தனி உடன்படிக்கை செய்துகொண்டு, வாரத்திற்கு எத்தனை ஆசனங்கள், எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்று ஜாபிதா எழுதிக்கொள்கின்றன. அந்த ஜாபிதாவில் உங்கள் ஊர் இல்லையானால், ஓடுபாதை பன்னிரண்டாயிரம் அடி நீண்டாலும், கட்டடம் பளிங்கினால் கட்டப்பட்டாலும், அயல்நாட்டு விமானம் அங்கு இறங்காது.

திருச்சியை நோக்குங்கள். 2003-இல் ஆசியான் நாடுகளின் விமானங்களுக்கு இந்திய சர்க்கார் தாராளமாகத் திறந்துவிட்ட 18 ஊர்களின் ஜாபிதாவில் திருச்சிராப்பள்ளி இருந்தது, மதுரை இல்லை. அதன் பின்னர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் தென்னாட்டாருக்குத் திருச்சி பெருவாயிலாயிற்று. திருச்சி வளர்ந்ததில் நமக்குப் பொறாமை இல்லை; அது நம் சகோதர நகரம். ஆயினும் விருதுநகர், தேனி, சிவகங்கை, திண்டுக்கல் ஜில்லாக்களிலிருந்து பிழைப்புக்காகக் கடல் கடப்பவன், மதுரை நிலையம் இருந்தும் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்து திருச்சியில் ஏறுகிறான் என்பதை நினைக்கும்போது வருத்தம் மேலிடுகிறது. விமானத்தில் ஏறுபவர் தனவந்தர் என்ற எண்ணம் பழமைப்பட்டது. இன்று அதில் ஏறுகிறவர்களில் பலர் கட்டட வேலைக்கும், ஹோட்டல் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் செல்லும் ஏழைகள். அவர்களுக்கு ஒரு நாள் தாமதம் ஒரு நாள் கூலி.

எதிர் வாதமும் விடையும்

டில்லியின் வாதத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு ஊர்தோறும் வாயிலைத் திறந்துவிட்டால், அவர்கள் நம் பிரயாணிகளைத் தங்கள் நகரத்திற்குக் கொண்டுபோய் அங்கிருந்து உலகெங்கும் அனுப்பி லாபமடைவார்கள். சுதேசக் கம்பெனிகள் நலிந்துபோகும் என்கின்றனர். சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தைப் படித்த நாம் இவ்வாதத்தை எள்ளி நகையாட மாட்டோம். சுதேசத் தொழிலைக் காத்தல் நம் கொள்கையே.

ஆனால் காத்தல் வேறு, அடைத்தல் வேறு. பிள்ளையவர்கள் அந்நியர் கப்பலை எதிர்த்தபோது, நீங்கள் கடல் கடக்கவே வேண்டாம் என்று ஜனங்களிடம் கூறவில்லை; தாமே கப்பல் கொண்டுவந்தார். சுதேசக் கம்பெனிகள் மதுரையிலிருந்து கீழ்த்திசைக்கு நாள்தோறும் விமானம் விடுமாயின், அயலாருக்கு வாயில் திறக்கும்படி நாம் கேட்கமாட்டோம். தாமும் விடுவதில்லை, பிறரையும் விடுவதில்லை என்பது வைக்கோற்போரில் படுத்த நாயின் நியாயம். மேலும் அடைப்பதனால் லாபம் சுதேசிக்குப் போகிறது என்பதும் முழு உண்மையன்று. மதுரைப் பிரயாணி திருச்சி சென்று அங்கே அயல்நாட்டு விமானத்திலேயே ஏறுகிறான். இழப்பு மதுரைக்கு, லாபம் அதே அயலானுக்கு.

ஒரே அட்சரேகையில் இரு நகரங்கள்

கொழும்பைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தை மறத்தல் தகாது. மதுரை நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. அதிலிருந்து கிழக்கு நோக்கி எழும்பிய விமானம் இடமோ வலமோ பெரிதாகத் திரும்பாமல் நேரே சென்றால், சுமார் 217 கிலோமீட்டரில் பலாலியை அடையும். இரண்டு நிலையங்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. சிறிய இறக்கைச்சுழலி விமானமே போதும். ஒரு மணி நேரமும் ஆகாது.

பலாலி 2019 அக்டோபரில் அயல்நாட்டு விமானங்களுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டே சென்னையிலிருந்து விமானம் சென்றது. கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025-இல் திருச்சியிலிருந்தும் வழி ஏற்பட்டது. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே சுமார் 355 கிலோமீட்டர். மதுரைக்கோ அதில் ஐந்தில் மூன்று பங்கே. நேர் விமானம் இன்றேல், மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் திருச்சிக்குப் போகவேண்டும். அல்லது கொழும்பில் இறங்கி நானூறு கிலோமீட்டர் வடக்கே தரைவழியில் திரும்பி வரவேண்டும். முப்பதாண்டுப் போரில் சிதறி, இராமேசுவரக் கரையில் இறங்கித் தென் ஜில்லாக்களில் தங்கிவிட்ட குடும்பங்கள் எத்தனை! 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி மலைநாட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு வந்த தோட்டத் தொழிலாளர் எத்தனை! அக்கரையில் தாய், இக்கரையில் மகன் என்று வாழ்வோருக்கு 217 கிலோமீட்டர் என்பது ஒரு வாழ்நாளின் தூரமாக இருந்துவிட்டது. அவர்களுக்கு இவ்விமானம் சுகபோகமன்று. தாயைக் காணும் வழி.

நிலம் கொடுத்தவர்களின் நியாயம்

இதுவரை பிரயாணியின் சார்பில் பேசினோம். இனி நிலத்துக்குரியவன் சார்பில் பேசவேண்டும். நிலையத்திற்குப் பெயர் மதுரை. நிலமோ அவனியாபுரம், பெருங்குடி, அயன்பாப்பாக்குடி முதலிய ஊர்களுடையது. தைத் திங்கள் முதல் நாளில் காளைகளை அவிழ்த்துவிட்டு ஆண்டைத் தொடங்கும் அவனியாபுரம், 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. அதன் தெற்கே கண்மாய்ப் பாசன நிலங்கள் இருந்தன. ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டவேண்டும் என்ற திட்டத்திற்காக அந்நிலங்களில் நூற்றுக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. சின்ன உடைப்புக் கிராமத்தார் தகுந்த மாற்றிடம் தராமல் தங்களை வெளியேற்றலாகாது என்று 2024 நவம்பரில் போராட்டத்தில் இறங்கினர். அவர்கள் விமானத்தின் விரோதிகளல்லர்; தம் வீட்டின்மேல் தாழப் பறக்கும் விமானத்தை நாள்தோறும் பார்த்தும், அதில் ஏற ஒருபோதும் வழியில்லாத மக்கள்.

நாம் கேட்பது இதுவே: பொது நன்மைக்காக ஒருவன் தன் வயலையும் வீட்டையும் கொடுக்கிறான். அப்பொது நன்மை வந்து சேர்ந்ததா என்று கேட்க அவனுக்குப் பாத்தியதை இல்லையா? நிலத்தை எடுத்துக்கொண்டு ஓடுபாதையை நீட்டிவிட்டு, உடன்படிக்கையின் ஜாபிதாவில் ஊர் பெயரை எழுதாமல் விட்டுவிட்டால், அவன் செய்த தியாகம் புல் முளைத்த தார்ப்பாதையாகவே முடியும். நிலம் மதுரையில் எடுக்கப்படுகிறது; பேனா டில்லியில் இருக்கிறது. 355 கிலோமீட்டர் வழியின் விதி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுதப்படுகிறது.

செய்யவேண்டியது

நமது பொதுக்கூட்டங்களிலும் வர்த்தக சங்கங்களிலும், மதுரையைச் சர்வதேச நிலையமாக்குக என்ற தீர்மானம் பன்முறை நிறைவேறியிருக்கிறது. அது நல்ல தீர்மானமே. ஆயினும் போதாத தீர்மானம். பெயர்ப்பலகையில் எப்பட்டம் பொறிக்கப்படினும் பட்டத்தைப் பார்த்து விமானம் இறங்காது. எந்த தேசத்தோடு செய்த எந்த உடன்படிக்கையில், எந்த ஜாபிதாவில் மதுரை சேர்க்கப்படவேண்டும் என்று பெயர் குறித்துக் கேட்கவேண்டும். மலேயா, சிங்கப்பூர், அரபு நாடுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிப்பிட்டுப் பாராளுமன்றத்தில் வினா எழுப்புமாறு நம் பிரதிநிதிகளை நாம் வற்புறுத்தவேண்டும். 1924 முதல் மதுரையில் இயங்கிவரும் தமிழ்நாடு வர்த்தக சங்கம் இத்துறையில் பாடுபட்டு வருகிறது. ஆனால் வியாபாரிகள் மட்டும் தூக்கும் பாரமன்று இது. தொழிலாளர் சங்கங்களும், அயல்நாட்டில் உறவினரையுடைய குடும்பங்களும் தோள் கொடுக்கவேண்டும்.

இரண்டாவதாக, மதுரைக்கும் யாழ்ப்பாணத்திற்கும் சிறு விமானம் ஒன்று ஓடவேண்டும். தொடக்கத்தில் நஷ்டம் வருமாயின் அதனைச் சர்க்கார் ஈடு செய்வதில் தவறில்லை. மூன்றாவதாக, நிலம் கொடுத்தவர்க்கு மாற்றிடமும் நஷ்டஈடும் ஓடுபாதை நீளுவதற்கு முன்னரே கைக்கு வரவேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்கு அந்நிலையத்திலேயே வேலை தருவதில் முதலிடம் அளிக்கவேண்டும்.

ஆகாயத்தின் ஆதிபத்தியம் தேசத்தினுடையது என்று சிக்காகோ உடன்படிக்கை கூறுகிறது. தேசம் என்பது டில்லியிலுள்ள காரியாலயம் அன்று. அவனியாபுரத்து உழவனும், தேனியிலிருந்து பெட்டியைச் சுமந்து புறப்படும் தொழிலாளியும், அக்கரையிலுள்ள தாயை எண்ணிக் காத்திருக்கும் மகனும் சேர்ந்ததே தேசம். அவர்களுடைய ஆகாயத்தின் சாவியைச் சர்க்கார் தர்மகர்த்தாவாகக் கையில் வைத்திருக்கிறது. பூட்டித் துருப்பிடிக்கவிடுவதற்கு அச்சாவி கொடுக்கப்படவில்லை. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இயற்கை நமக்கு அருகிலேயே வைத்திருக்கிறது. அவ்வண்மையை நமக்கு அளிக்குமாறு கேட்பது பிச்சையன்று, உரிமை.